ஊர்க்கவுண்டர் சொல்லும் செல்லுது, வி.ஏ.ஓ. சொல்லும் செல்லுது: ரெண்டும் ஒரே அதிகாரமா?

மிளகுக்கொடி:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல எம்.ஏ. சமூகவியல் முதல் வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் ஏற்காட்டுக்கு மேல, நாகலூர் பஸ்ல போய் இறங்கி நடக்கணும். ஊர்ப் பேர் வேண்டாம், நான் சொல்லப் போற ஆளுங்க எல்லாரும் அங்கதான் இருக்காங்க.

பாடத்துல அதிகாரம், ஆணையுரிமை, ஏற்புடைமைன்னு மூணு சொல் வருது. பரிட்சைக்கு எழுதற அளவுக்குத் தெரியும். ஆனா மனசுக்குள்ள எறங்கல. போன பங்குனியில ஊர்ல நடந்த ஒண்ணைப் பார்த்த பிறகுதான் இந்தச் சொல்லெல்லாம் எதுக்குன்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

எங்க ஊர்ல ஊத்துக்குத் தண்ணிக்குப் போற தடம் ஒருத்தர் காப்பித் தோட்டத்து ஓரமாப் போகுது. எங்க பாட்டி கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அதுதான் வழி. அவர் திடீர்னு முள்கம்பி இழுத்து அடைச்சுட்டார். எங்களுக்குப் பெரியப்பா முறை ஆகணும். பொம்பளைங்க குடத்தோட நின்னு சத்தம் போட்டாங்க. வி.ஏ.ஓ. வந்தார், புலப்படத்தை, அதான் நில அளவைப் படத்தை, விரிச்சு வச்சுப் பார்த்தார், ‘இதுல தடம் எதுவும் இல்லைம்மா, பட்டா அவர் பேர்ல இருக்கு’ன்னு சொன்னார். கூட்டம் அப்படியே கலைஞ்சிருச்சு. ஒருத்தரும் எதிர்த்துப் பேசல.

சாயங்காலம் ஊர்க்கவுண்டர் வந்தார். எங்க மலையில ஊர்த் தலைவருக்கு அதுதான் பட்டம். எழுபது வயசு. காப்பிப் பழம் பறிக்கிற காலத்துல அவரும் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போறவர்தான். மாரியம்மன் கோயில் திண்ணையில உட்கார்ந்து, வெத்தலைய மடிச்சு வாயில போட்டு, ரொம்ப நேரம் கழிச்சு ‘தண்ணிக்குப் போற தடத்த யாரும் அடைக்கக் கூடாது’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் விடியறப்போ கம்பியச் சுருட்டி சில்வர் ஓக் மரத்துல மாட்டி வச்சிருந்தாங்க.

ஒருத்தர் கையில காகிதம், முத்திரை, பின்னாடி போலீஸ், கோர்ட்டு. இன்னொருத்தர் கையில வெத்தலைப் பை. ரெண்டு பேர் சொல்லும் செல்லுது. இதை எப்படிப் புரிஞ்சுக்கறது?

பழைய வாத்தியார்:

அம்மணி, முப்பது வருடம் அரசியல் பாடம் நடத்தியவன் நான். இவ்வளவு நல்ல உதாரணம் எனக்கு அன்று கிடைத்திருந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

முதலில் சொல். தமிழில் ‘அதிகாரம்’ என்ற ஒன்றையே இரண்டுக்கும் புழங்குகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எதிராளி மறுத்தாலும் நம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு ஒன்று. ‘இவர் சொன்னால் கேட்பது முறை’ என்று கேட்பவரே ஒப்புக்கொண்டு பணிவது இன்னொன்று. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இந்த இரண்டையும் பிரித்தார். கத்தியைக் காட்டி வழிமறிப்பவனுக்கு முதலாவது உண்டு, இரண்டாவது கிடையாது. நீங்கள் ‘சொல் செல்லுது’ என்று எழுதினீர்களே, அது இரண்டாவதுக்கு மிகச் சரியான தமிழ். பாடநூலில் வரும் ஆணையுரிமை அதுதான். அந்தச் சொல் செல்லுவதற்கு ஜனங்கள் மனதில் இருக்கும் காரணத்தைத்தான் ஏற்புடைமை என்கிறோம்.

அந்தக் காரணம் மூன்று விதமாக இருக்கலாம் என்றார் வேபர். எப்போதும் இப்படித்தான் இருந்து வந்திருக்கிறது என்பது மரபு. இது உங்கள் ஊர்க்கவுண்டர். எழுதிவைத்த விதிப்படி அந்த நாற்காலியில் இருப்பவர் என்பது சட்டம். இது வி.ஏ.ஓ. அவர் நாளைக்கே வேறு ஊருக்கு மாறுதலாகிப் போனாலும் அடுத்து வருபவர் புலப்படத்தை விரித்தால் கூட்டம் அதேபோலக் கலையும். நீங்கள் பணிந்தது ஆளுக்கு அல்ல, பதவிக்கு.

மூன்றாவது தனிமனிதரின் ஈர்ப்பு. இதற்கு நம் சேலத்திலேயே உதாரணம் உண்டு. 1944 ஆகஸ்ட் 27-இல் இங்கே நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. அண்ணாதுரை தீர்மானம் கொண்டுவந்தார். பெயர் மாற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதே மாநாடு வெள்ளைக்காரன் கொடுத்த ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதுவரை அந்தக் கட்சியில் பலருடைய செல்வாக்கு சர்க்கார் தந்த பட்டத்திலும் நியமனப் பதவியிலும் நின்றது. அன்றைக்கு அது பெரியார் என்ற மனிதரின் மேலும், அவர் பின்னால் திரண்ட கூட்டத்தின் மேலும் வந்து நின்றது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கிப்போனார்கள்.

குகைக்காரன்:

ஐயா, ஒரு சந்தேகம். அந்தப் பெரியப்பா கம்பியைச் சுருட்டினது மரியாதையிலயா, பயத்துலயா? ஊர் நம்மை ஒதுக்கிடும்னு பயந்து சுருட்டினா அது வெறும் அதிகாரம்தானே? நான் குரூப் ஒன்னுக்குப் படிக்கிறேன், புத்தகத்துல ரெண்டையும் கோடு போட்டுப் பிரிச்சிருக்காங்க. வாழ்க்கையில பிரியற மாதிரி தெரியல.

பழைய வாத்தியார்:

தம்பி, பிரியாது. பிரியும் என்று வேபரும் சொல்லவில்லை. மூன்றும் தூய மாதிரிகள். படி, ஆழாக்கு மாதிரி ஓர் அளவைப் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி ஒருநாளும் படி வடிவத்தில் விளைவதில்லை. ஆனாலும் படி இல்லாமல் எவ்வளவு விளைந்தது என்று சொல்ல முடியாது. உங்கள் கேள்வியே அளக்கத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம்: எவ்வளவு மரியாதை, எவ்வளவு பயம்?

1919-இல் மியூனிக்கில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் வேபர் அரசு என்பதற்குக் கொடுத்த விளக்கத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு நிலப்பரப்புக்குள், முறையான வன்முறைக்கு நான் ஒருவனே உரிமையாளன் என்று சொல்லி அதை நிலைநாட்டுவதுதான் அரசு. ஊர்க்கவுண்டர் யாரையாவது கட்டிவைத்து அடித்தால் இன்று அது குற்றம். அடிக்கும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் ஒதுக்கும் வலு இன்னும் ஊரிடம் இருக்கிறது.

கொலுசுப்பட்டறை:

நான் படிச்சது பத்தாவது. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு வேலை, இருபத்திரண்டு வருஷமா. நீங்க பேசறதைப் படிச்சுட்டுச் சும்மா போக முடியல.

எங்க தொழில்ல வியாபாரி வெள்ளிய எடை போட்டுக் கொடுப்பார். நாம கம்பி இழுத்து, பத்தவச்சு, சலங்கை கோத்து, கொலுசா எடை போட்டுத் திருப்பித் தரணும். சேதாரம் இவ்வளவுன்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல குறைஞ்சா நம்ம கூலியில பிடிப்பாங்க. நான் வேலை பழகின இடத்துல முதலாளி ஒருநாள்கூடக் குரலை உசத்தினது இல்ல. தீபாவளிக்கு முன்னாடி கேக்காமயே அட்வான்ஸ் கொடுப்பார். ஒரு சிவப்பு நோட்டுல என் பேர் போட்டுத் தனிப்பக்கம். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது, அப்பா ஆஸ்பத்திரிக்கு வாங்கினது எல்லாம் அதுல இருக்கும். பக்கத்துப் பட்டறையில கூலி கூடக் கொடுக்கறாங்கன்னு தெரிஞ்சும் ஆறு வருஷம் போக முடியல. கணக்க முடிச்சாத்தானே போக முடியும்? அவர் ‘போகாதே’ன்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்த நோட்டு சொல்லுச்சு.

இது உங்க மூணு வகையில எதுல வரும்? மரபும் இல்ல, சட்டமும் இல்ல, அவர் மேல எனக்குப் பெரிய ஈர்ப்பும் இல்ல.

பழைய வாத்தியார்:

ஐயா, நீங்கள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். மூன்றிலும் வராது. கட்டளையால் வரும் மேலாண்மை ஒன்று, நலன்கள் பின்னிக்கிடப்பதால் வரும் மேலாண்மை இன்னொன்று என்று வேபரே வேறு பிரித்திருக்கிறார். சந்தையைக் கையில் வைத்திருப்பவன் கட்டளை போட வேண்டியதில்லை. எதிரே இருப்பவன் தன் நன்மைக்கு என்று நினைத்தே அவன் விருப்பப்படி நடந்துகொள்வான். மார்க்ஸ் இதையே இன்னும் அடியில் போய்ச் சொன்னார்: வெள்ளி அவருடையது, கை உங்களுடையது. உற்பத்திக்கான பொருள் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வர்க்கம் பிறக்கிறது.

இங்கே சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயை நினைத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1965-இல் நூலாக வெளியிட்டார். ஒரு காலத்தில் சாதியில் மேலே இருந்தவனிடமே நிலமும் இருந்தது, ஊர் அதிகாரமும் இருந்தது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. பிறகு தேர்தலும் கட்சியும் வர, அதிகாரம் தனியே விலகி நடக்கத் தொடங்கியது என்று காட்டினார். மிளகுக்கொடி ஊரைப் பாருங்கள். சொல் செல்லும் மனிதர் கூலிக்குப் போகிறார். தோட்டம் வைத்திருப்பவர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்.

சாமைச்சோறு:

நானும் அந்த மலைக்காரிதான், வேற நாடு. எங்க மலையில பல ஊர் சேர்ந்த பகுதியை நாடுன்னு சொல்வோம். ஒரு தடவை வார்டு உறுப்பினரா இருந்திருக்கேன். தண்ணித் தடத்தைத் திறந்துவிட்டது நல்லது, மறுக்கல. ஆனா ஊர்ச்சொல்ல இப்படிப் புகழ்ந்துகிட்டே போனா எனக்கு வயிறு எரியுது.

எங்க ஊர்ல ஒரு பொண்ணு வேற ஆளுங்கள்ல கட்டிக்கிச்சு. அந்த வீட்டுக்கு நெருப்பும் தண்ணியும் கொடுக்கக் கூடாதுன்னு ஊர் சொல்லுச்சு. அதுக்கும் காகிதம் இல்ல, போலீஸ் இல்ல. அதுவும் ‘செல்லுச்சு’. அந்தப் பொண்ணோட அப்பா செத்தப்போ பாடை தூக்க நாலு பேர் வரல. கீழே சேலத்துல இருந்து தெரிஞ்சவங்க இருபது கொண்டை ஊசி ஏறி வந்து தூக்கினாங்க. நான் வாசல்ல நின்னு பார்த்தேன், போகல. இப்பவும் அது எனக்கு உறுத்தல்தான்.

இன்னொண்ணு. மிளகுக்கொடி கண்ணு, அந்தத் திண்ணையில பொம்பளைங்க யாராச்சும் உட்கார்ந்திருந்தாங்களா? தண்ணி சுமக்கறது நாங்க. கூட்டத்துல எங்க பேச்சு ஏறாது. பஞ்சாயத்துல நான் உறுப்பினர்தான், சட்டம் கொடுத்த இடம்தான். ஆனா தீர்மானம் எங்க முடிவாச்சுன்னு நினைக்கறீங்க? முந்தின நாள் ராத்திரி டீக்கடையில. மறுநாள் நோட்டுல கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டாங்க.

குகைக்காரன்:

அக்கா, நீங்க சொன்னது என்னை ரொம்ப யோசிக்க வச்சிருச்சு. பஞ்சாயத்துக்கான அரசியலமைப்பு 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தப்போ பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு. தமிழ்நாட்டுல 2016-இல் பாதியா ஆக்கினாங்க. சட்டம் பதவியக் கொடுத்திருச்சு. அந்தப் பதவிக்கு உரிய சொல் செல்லணுமே, அதைச் சட்டத்தால கொடுக்க முடியல. ஐயா சொன்ன ரெண்டும் வேற வேறன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. உங்க கையில பதவி மட்டும் இருந்துச்சு, அதிகாரம் டீக்கடையில இருந்துச்சு.

அதிகாரத்தைப் பத்தி ஸ்டீவன் லூக்ஸ்ங்கற அறிஞர் 1974-இல் எழுதினது இதுக்குப் பொருந்தும். சண்டையில யார் ஜெயிக்கறாங்கன்னு பார்க்கறது அதிகாரத்தோட ஒரு முகம். எந்த விஷயம் கூட்டத்துக்கே வராம தடுக்கப்படுதுன்னு பார்க்கறது ரெண்டாவது. மூணாவது, நமக்கு இது வேணும்னு கேக்கவே தோணாதபடி ஆசையையே வடிவமைக்கறது. தண்ணி சுமக்கறவங்க திண்ணையில உட்காரணும்னு யாருக்கும் தோணாததை நீங்க கேட்டீங்களே, அது அந்த மூணாவது முகம்.

மிளகுக்கொடி:

அக்கா, யாரும் உட்காரல. நான் கோயிலுக்குப் பின்னாடி வேப்பமரத்துகிட்ட நின்னேன். நிக்கறோம்ங்கறதே நீங்க கேட்ட பிறகுதான் எனக்கு உறைச்சது. உங்களுக்கு நன்றி சொல்லணும்.

குகைக்காரன் அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில் தேடி, லீவுக்குப் போனப்போ நேரா அந்தப் பெரியப்பாகிட்டயே கேட்டேன். எதுக்குக் கம்பியச் சுருட்டினீங்கன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், ‘எங்கப்பன் செத்த அன்னிக்கு மழை. பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவரு அவருதான். அவரு வார்த்தைய எப்படித் தள்ளறது?’ன்னார். பயமும் மரியாதையும் தவிர வேற ஒண்ணு இதுல இருக்கு. அதுக்குப் பேர் என்ன?

பழைய வாத்தியார்:

கடன். பணத்தில் அடைக்க முடியாத கடன். பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ் 1925-இல் கொடையைப் பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக் கடலின் டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கிப் பார்த்துவந்த சங்குவளை, மாலைப் பரிமாற்றத்தையும் வேறு பல ஊர்ச் செய்திகளையும் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: கொடுப்பது கடமை, வாங்கிக்கொள்வது கடமை, திருப்பித் தருவது கடமை. மனமுவந்து தருவதுபோல் இருக்கும், ஆனால் மூன்றில் எதையும் மீற முடியாது.

இதற்குத் தீவுக்குப் போக வேண்டாம். என் வீட்டு பீரோவில் மூன்று மொய் நோட்டு இருக்கிறது. பழையது என் கல்யாணத்தது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, என் மாமா கையெழுத்தில் ஊர், பேர், தொகை. முதலில் தாய்மாமன் வரிசை. பிறகு ஐந்து ரூபாய், பதினொன்று, ஒருவர் மட்டும் ஐம்பத்தொன்று. எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் என் மனைவி முதலில் அந்த நோட்டைத்தான் எடுப்பாள். விரலை வைத்துத் தேடி, அவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலே எழுதச் சொல்வாள். அதே தொகையைத் திருப்பினால் கணக்கை முடித்துக்கொண்டோம் என்று ஆகிவிடும். கொஞ்சம் கூடப் போட்டால் உறவு ஓடிக்கொண்டே இருக்கும். நாற்பது வருடத்துச் சமூக அமைப்பு முழுவதும் அந்த ஒற்றை நோட்டில் கிடக்கிறது.

திருப்ப முடியாத அளவுக்குக் கொடுப்பவன் என்ன ஆகிறான்? மேலே போகிறான். கொலுசுப்பட்டறை ஐயாவின் சிவப்பு நோட்டும் இந்த மொய் நோட்டும் வடிவத்தில் ஒன்றுதான். மொய் இரண்டு பக்கமும் ஓடுகிறது. அட்வான்ஸ் ஒரே பக்கம் ஓடி ஆளைக் கட்டுகிறது. உங்கள் ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு சாவுக்கும் முதல் ஆளாகப் போய் மூங்கில் வெட்டுகிறாரே, மரபு அவருக்குப் பட்டத்தைத்தான் கொடுத்தது. அந்தப் பட்டம் துருப்பிடிக்காமல் இருப்பது அந்த மூங்கிலால்.

சாமைச்சோறு:

அதனாலதான் பாடை தூக்க வராதது அவ்வளவு பெரிய தண்டனை ஐயா. கொடுக்கற கையை மொத்தமா எடுத்துடறது.

பர்கூர் மலை:

ஈரோடு மாவட்டம், அந்தியூருக்கு மேல இருந்து எழுதறேன். நீங்க அரசுச் சொல்லோட வலுவைப் பேசறதால இதைச் சொல்லத் தோணுது.

உங்க ஏற்காட்டு மலைக்காரங்க மாதிரி நாங்களும் மலையாளி சனம்தான். கேரளாக்காரங்க இல்ல. மலையை ஆளறவங்க, மலையில வாழறவங்கன்னு எங்க பெரியவங்க பொருள் சொல்வாங்க, பேச்சு தமிழ். காஞ்சிபுரத்துல இருந்து அண்ணன் தம்பி மூணு பேர் கிளம்பி வந்து மலைமலையாக் குடியேறினதா நாங்களும் கதை சொல்றோம், ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையில நீங்களும் அதே கதை சொல்றீங்க. ஆனா பழங்குடிப் பட்டியல்ல ‘மலையாளி’ன்னு போட்டுப் பக்கத்துலயே தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளின்னு மாவட்டப் பேர் எழுதியிருக்கு. நாங்க அப்போ கோயமுத்தூர் மாவட்டம். 1979-இல் ஈரோடு தனியாச்சு, பட்டியல் மாறல. மேட்டூர் பக்கத்து மலையில இருக்கற என் சித்தி பையன் பழங்குடி. நான் இல்ல. ஒரே குலசாமி, ஒரே பங்காளி. பள்ளிக்கூடத்துல சான்றிதழ் கேட்டப்போ என் மகன் ‘நாம யாருப்பா?’ன்னு கேட்டான். என்ன பதில் சொல்ல?

குகைக்காரன்:

அண்ணா, படிக்கவே கஷ்டமா இருக்கு. அரசியலமைப்பு 342-ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் அறிவிச்ச பட்டியல் அது. ஒரு பேரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம் சட்டம் போடணும். 1965-இல் அரசு அமைச்ச லோகூர் குழு பழங்குடிக்கு அஞ்சு அடையாளம் சொல்லுச்சு: பழமையான தன்மைகள், தனித்த பண்பாடு, ஒதுங்கின இருப்பிடம், வெளியாரோட பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. உங்களுக்குப் பொருந்தறது எல்லாம் உங்க சித்தி பையனுக்கும் பொருந்தும். நடுவுல ஒரு மாவட்டக் கோடு.

மானிடவியல்ல இந்தச் சண்டை ரொம்பப் பழசு. குர்யே பழங்குடிகளைப் பின்தங்கிய இந்துக்கள்னு சொன்னார். வெரியர் எல்வின் அவங்க நிலத்தையும் வாழ்க்கையையும் வெளியார்கிட்ட இருந்து காக்கணும்னு வாதாடினார். எஃப். ஜி. பெய்லி, சாதியும் பழங்குடியும் ரெண்டு பெட்டி இல்ல, ஒரே கோட்டோட ரெண்டு முனை, சமூகங்கள் நடுவுல எங்கயாவது நிக்குதுன்னார். கவுண்டர்னு பட்டம் போட்டுக்கிட்டு, வேளாளர் வழி வந்தோம்னு சொல்ற சேர்வராயன் மலையாளிகளை எந்தப் பெட்டியில போடறது? ஆராய்ச்சிக்காரன் கோட்டு மேல நடுவுல நிறுத்தலாம். தாலுகா ஆபீஸ்ல நடுவுல நிக்க இடமில்ல. ஆமாம், இல்ல, ரெண்டே பதில்.

பழைய வாத்தியார்:

பர்கூர்த் தம்பி, உங்கள் மகன் கேட்ட கேள்விக்குச் சமூகவியல் இரண்டு பதில் வைத்திருக்கிறது. நீங்கள் யார் என்று நீங்களும் உங்கள் பங்காளிகளும் அறிந்திருப்பது ஒன்று. அரசு உங்களை என்ன பெயரில் பதிந்திருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவது பொய் என்று தள்ள முடியாது. உதவித்தொகை, வேலை, தேர்தல் தொகுதி எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். பெயர் சூட்டும் உரிமைதான் அரசின் அதிகாரங்களிலேயே மிக அமைதியானது, மிக ஆழமானதும். புலப்படத்தில் தடம் இல்லை என்றதும் கூட்டம் கலைந்ததே, அதுவும் இதுதான். காகிதத்தில் இல்லாத வழி, வழி இல்லை என்று ஆனது.

1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். காப்பிக்குப் பின்னால் எஸ்டேட்டும் அளவும் எல்லைக்கல்லும் பட்டாவும் ஏறி வந்தன. அதற்கு முன் ‘இது யாருடையது’ என்பதற்கு ஊர் நினைவுதான் சாட்சி.

மிளகுக்கொடி:

ஐயா சொன்னது மனசுல நின்னுருச்சு. இன்னைக்கு ஊர்க்கவுண்டர் இருக்கார், தடம் திறந்திருக்கு. அவருக்குப் பிறகு? பெரியப்பா மகன் சென்னையில இருக்கான். அவன் திரும்பி வந்தா அவனுக்கு மூங்கில் வெட்டின கதை தெரியாது, பட்டா தெரியும்.

அதனால நானும் ஊர்ப் பொம்பளைங்க ஒன்பது பேரும் பேசி ஒண்ணு முடிவு பண்ணியிருக்கோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில இந்தத் தடத்தைத் தீர்மானமா எழுதச் சொல்லப் போறோம். பெரியப்பா சம்மதக் கடிதம் கொடுக்கறேன்னு சொல்லிட்டார். ஊர்க்கவுண்டர்கிட்டயும் போய்ச் சொன்னேன். ‘எழுதுங்க கண்ணு, எனக்கும் கண்ணு மங்குது’ன்னார்.

சாமைச்சோறு:

நல்ல வேலை பண்ணியிருக்க. முந்தின ராத்திரி டீக்கடையில யாரும் மாத்தி எழுதாம இருக்கணும்னா, தீர்மானத்தை நீங்களே வெள்ளைத் தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. நோட்டுல ஏத்தினதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. உட்கார்ந்து கேளுங்க. முதல் கையெழுத்து தண்ணி எடுக்கறவங்களோடதா இருக்கட்டும்.

அப்புறம் ‘தடம்’னு மட்டும் எழுதாதீங்க, அகலத்தையும் போடுங்க. குடத்தோட ரெண்டு பேர் எதிரெதிரே வந்தா இடிக்காம ஒதுங்கணும். இப்பவே ஒரு கயிறு எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வாங்க.